ஏற்றத்தில் அமர்ந்து மிதிப்பதா, எழுந்து மிதிப்பதா?

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு முதன்முறை சைக்கிளில் ஏறுபவர், பெரும்பாலும் இருக்கையில் அமர்ந்தபடியே மிதிப்பது நல்லது என்பதே என் உறுதியான கருத்து. முன்னே 34 பற்களும் பின்னே 32 பற்களும் கொண்ட இலகுவான கியரில், ஓரிரு வாக்கியம் பேச முடிகிற மூச்சோடு சீராக மிதித்தால், உடல் எடையை இருக்கை தாங்கிக்கொள்வதால் இதயத் துடிப்பு கட்டுக்குள் நிற்கும். முதல் பத்து வளைவுகளிலேயே வேகம் காட்டியவர்கள் பாதி மலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பதைக் கண்டு வருந்தியிருக்கிறேன்.

எழுந்து மிதிக்கையில் உடல் எடை பெடலில் இறங்கி விசை கூடுகிறது. ஆனால் கைகளும் தோள்களும் சேர்ந்து உழைப்பதால் விரைவில் மூச்சு வாங்கும். வளைவின் உட்புறம் செங்குத்தாகும் சில மீட்டர் தூரத்துக்கும், மரத்துப்போன இடுப்புக்குச் சற்று ஓய்வு தரவும் அது போதும். எழுவதற்கு முன் ஒரு கியர் கடினமாக்கிக்கொள்ளுங்கள். இல்லையேல் கால் வெறுமனே சுழன்று வேகம் குறையும்.