முதல் வால்வ் ஆம்ப்: சாம்ப்பா, டீலக்ஸா, தாத்தா ரேடியோவா?

போன மாசம் தெரிஞ்ச பசங்க ரெண்டு பேரு தனித்தனியா வந்து ஒரே கேள்விய கேட்டானுங்க, அண்ணா சொந்தமா ஒரு வால்வ் கிட்டார் ஆம்ப் (ட்ரான்சிஸ்டருக்கு பதிலா கண்ணாடிக் குழாய் போட்டது) கட்டணும் எதுல ஆரம்பிக்கலாம்னு. எல்லாரும் இத சவுண்ட வச்சு முடிவு பண்றாங்க. என் கணக்கு வேற. முதல் ஆம்ப்ல கண்டிப்பா ஏதாவது தப்பா சால்டர் பண்ணியிருப்போம், அந்த தப்ப தேடுறப்ப கைய எங்கெல்லாம் விட வேண்டி வரும்னு பாருங்க.

ஃபெண்டர் கம்பெனியோட சின்ன ஆம்ப், சாம்ப் 5எஃப்1. 1950கள்ல வந்த சர்க்யூட், மூணே வால்வு: ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு 6வி6, ரெக்டிஃபயருக்கு (ஏசிய டிசியா மாத்தறது) ஒரு 5ஒய்3. ஒரே ஒரு வால்யூம் நாப், டோன்லாம் கிடையாது, சுமார் 5 வாட். சேசிஸ (எல்லாத்தையும் மாட்டற இரும்புப் பெட்டி) தொறந்து வச்சு பேப்பர்ல இருக்கற டயகிராமோட ஒப்பிட்டா அரை மணி நேரத்துல ஒவ்வொரு வயரையும் விரல் வச்சு எண்ணிடலாம், அவ்ளோதான் விஷயம். இதுல ஒரு குசும்பு இருக்கு, ஸ்பீக்கர் பக்கத்துல இருந்து ஒரு ஃபீட்பேக் வயர் பின்னாடி போகும், அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் (வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல இருக்கறது) வயர மாத்தி குடுத்தா ஆன் பண்ணதும் ஊளையிடும். பயப்பட வேணாம், ஆஃப் பண்ணி ரெண்டு வயர மாத்தி வைங்க, அடங்கிடும்.

5ஈ3 டீலக்ஸ் அதே காலத்து சரக்குதான், ஆனா ரெண்டு 6வி6 போட்ட புஷ்-புல் (ரெண்டு வால்வும் வேலைய மாறி மாறி பங்கு போட்டுக்கும்), ஒரு 12 வாட் பக்கம் வரும். சவுண்டுல சாம்ப்ப தூக்கி சாப்பிட்டுரும், ஒத்துக்கறேன். ரெண்டு சேனல் வால்யூமும் ஒன்னோட ஒன்னு பேசிக்கும், நீங்க ப்ளக் பண்ணாத சேனலோட நாப திருப்புனா கூட டோன் மாறும், அந்த ஒரு விஷயத்துக்கே ஒரு நாள் முழுக்க உக்காந்து வாசிக்கலாம். ட்ரம்மரோட சேந்து வாசிக்கறவனுக்கு சாம்ப் பத்தவே பத்தாது, அவனுக்கு இதான். ஆனா முதல் தடவையே இத எடுத்தா, சத்தம் வரலன்னா ஃபேஸ் இன்வர்ட்டர்லயா (ரெண்டு 6வி6க்கும் சிக்னல பிரிச்சு குடுக்கற பகுதி) அவுட்புட்லயா எதுன்னு தெரியாம, 350 வோல்ட் ஓடிட்டு இருக்கறப்ப மீட்டர் முனையோட ரொம்ப நேரம் அலைய வேண்டி இருக்கும். ரெண்டாவதா கட்டுங்க.

ட்ரான்ஸ்ஃபார்மர்ல நிலைமை தலைகீழ். நம்ம ஊரு வைண்டிங் கடையில குடுத்து சுத்தறதா இருந்தா டீலக்ஸுக்கு பிரச்சனை கம்மி, சாம்ப்புக்குதான் கதை. சாம்ப்போட அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர்ல டிசி எப்பவும் ஓடிட்டே இருக்கும், அதனால உள்ள அடுக்கற இரும்புத் தகடுல E வடிவ ஈ பட்டி எல்லாம் ஒரு பக்கம், I வடிவ ஐ பட்டி எல்லாம் மறுபக்கம், நடுவுல ஒரு பேப்பர் கேப் விடணும். கடைக்காரர் பழக்க தோஷத்துல மாத்தி மாத்தி அடுக்கிடுவாரு. எனக்கும் அப்டிதான் அடுக்கி குடுத்தாரு, பாஸே இல்லாம டப்பா மாதிரி கேட்டுச்சு, திரும்ப பிரிச்சு பேப்பர் வச்சோம். பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட் ப்ரைமரிதானான்னும் (மெயின்ஸ் போற பக்கம்) பாத்துக்கோங்க, ஒரிஜினல் டயகிராம் அமெரிக்கா கரண்டுக்கு போட்டது.

இப்ப ரேடியோ. காசு கம்மின்னு நிறைய பேரு இதுலதான் இறங்கறாங்க, பரண்ல ஒரு வால்வ் ரேடியோ கெடக்கு, அத ஆம்ப்பா மாத்திரலாம்னு. மாத்தலாம், எல்லாத்தையும் இல்ல. பின் அட்டைய கழட்டி வால்வு மேல எழுதியிருக்கற முதல் எழுத்த பாருங்க. ஈ-ன்னு ஆரம்பிச்சா, அதாவது ஈசிஎச்81, ஈஎல்84 மாதிரி, ஹீட்டர் (வால்வ சூடாக்கற உள் கம்பி) 6.3 வோல்ட், உள்ள பெரும்பாலும் பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கும். யூ-ன்னு ஆரம்பிச்சா, யூசிஎச்81, யூஎல்84, யூஒய்85, அது ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாத செட். ஹீட்டர் எல்லாம் சீரியல் செட் பல்பு மாதிரி ஒன்னுக்கு பின்னாடி ஒன்னு (யூஎல்84க்கு மட்டும் 45 வோல்ட்), சேசிஸ் நேரா மெயின்ஸ் வயர்ல நிக்கும். ப்ளக்க மாத்தி சொருகுனா சேசிஸ்ல ஃபேஸ். ரேடியோவா இருக்கறப்ப மரப்பெட்டியும் ப்ளாஸ்டிக் நாபும் காப்பாத்துச்சு, கிட்டார்ல கம்பியெல்லாம் ஜாக் வழியா சேசிஸோடதான் இணைஞ்சிருக்கு, வாசிக்கறவன் விரல் அந்த கம்பி மேல. அவ்ளோதான் சொல்லுவேன். யூ செட்ட தொடாதீங்க, அழகா இருந்தா ஷோகேஸ்ல வைங்க.

ஈ செட்டு நல்ல சாமான், ஈஎல்84 அவுட்புட்டும் கேப் விட்ட ட்ரான்ஸ்ஃபார்மரும் 230 ப்ரைமரியும் ரெடியா இருக்கு. ஆனா அம்பது அறுவது வருஷத்து கண்டன்சர் (சார்ஜ சேத்து வைக்கற சாமான்) மொத்தமும் தூக்கி போட்டு, ரெண்டு பின் வயர எடுத்துட்டு மூணு பின் போட்டு, எர்த்த சேசிஸ்ல தனி போல்ட்ல முறுக்கணும். சாம்ப் முடிச்ச கைக்கு இது சுலபம்.

பெஞ்சுல நான் வாங்கின ஷாக் அடி சாம்ப்லதான். 6வி6, 12ஏஎக்ஸ்7 ரெண்டையும் புடுங்கிட்டு 5ஒய்3 மட்டும் வச்சு வோல்டேஜ் பாத்தேன், 450 வோல்ட்டுக்கு மேல காட்டுச்சு, சந்தோஷமா ஆஃப் பண்ணி ப்ளக்கையும் கழட்டிட்டு டீ குடிக்க போனேன். வால்வு எல்லாம் இருந்தா சூட்டுல அதுங்களே கண்டன்சர காலி பண்ணிடும், வால்வு இல்ல, சார்ஜ் போக வழியும் இல்ல, டீ குடிச்சிட்டு வந்தும் அப்டியே இருந்துச்சு. விரல் பட்டதும் கை தானா பின்னாடி பறந்து சுவத்துல இடிச்சுச்சு. அன்னிக்கு சாயங்காலமே ஃபில்டர் கண்டன்சர் குறுக்க 220 கிலோ ஓம் ரெண்டு வாட் ரெசிஸ்டர் நிரந்தரமா சால்டர் பண்ணேன், அரை நிமிஷத்துல இறங்கிடுது, இறங்கிடுச்சான்னு மீட்டர வச்சு பாத்துட்டுதான் கை வைக்கறேன்.

வீட்ல ஆர்சிசிபி (ஷாக் அடிச்சா கரண்ட கட் பண்ற ஸ்விட்ச்) இருக்கேன்னு சொல்லுவாங்க. ட்ரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் அடிக்கற ஷாக்க அது பாக்கவே பாக்காது. முதல் தடவ ஆன் பண்ண வேரியாக் (வோல்டேஜ ஏத்தி இறக்கற கருவி) வாங்கணுமா சீரிஸ் பல்பு போதுமான்னு கேட்டா பல்புதான், வேரியாக்கும் மெயின்ஸ்ல இருந்து பிரிச்சு காப்பாத்தாது, விலையும் ஜாஸ்தி. 60 வாட் குண்டு பல்ப (எல்ஈடி வேலைக்கு ஆகாது) ஃபேஸ்ல சீரிஸா போட்டு ஆன் பண்ணுங்க, பளிச்சுன்னு ஒரு தடவ எரிஞ்சு மங்குனா நல்லது, மங்காம நின்னா எங்கயோ ஷார்ட். ஸ்பீக்கர் மாட்டாம வாசிச்சு பாக்காதீங்க, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போயிடும். லைவ்ல அளக்கறப்ப செருப்பு போட்டுட்டு ஒரு கையாலதான். இன்னொரு கைய பாக்கெட்ல விடுன்னு சொல்லுவாங்க, நான் லுங்கி, அதனால முதுகுக்கு பின்னாடி கட்டிக்குவேன்.

கேட்ட ரெண்டு பேர்ல ஒருத்தன் சாம்ப்புக்கு சாமான் வாங்கிட்டான். இன்னொருத்தன் தாத்தா ரேடியோவ தூக்கிட்டு வந்தான், அட்டைய கழட்டி டார்ச் அடிச்சோம், யூஎல்84. அப்டியே மூடி குடுத்துட்டேன்.