சேலத்தில் ‘யுவி ஃப்ளேம் சென்சார்’ வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

தீயணைப்பு ரோபோ செய்கிற மாணவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். சேலம் புதிய பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடை ஒன்றில், ‘5 மீட்டர் தூரத்துத் தீயையும் பிடிக்கும்’ என்று சொல்லி எங்கள் குழுவுக்கு விற்ற போர்டு தீ சென்சாரே இல்லை. அதில் இருந்தது ஜியுவிஏ-எஸ்12எஸ்டி. வெயிலின் யுவி (புற ஊதாக் கதிர்) அளவைப் பார்க்கிற சிப் அது; 0.1 வோல்ட் ஏறினால் யுவி இண்டெக்ஸ் ஒன்று ஏறியதாகக் கணக்கு. மெழுகுவத்திச் சுடரில் வரும் யுவி அதற்குப் போதவே போதாது. லைட்டரைக் கிட்டே கொண்டுபோனாலும் மல்டிமீட்டர் அசையாது, மொட்டை மாடி வெயிலில் பிடித்தால் சட்டென்று ஏறும்.

அந்த 5 மீட்டர் கணக்கு ஹமாமட்சு கம்பெனியின் ஆர்2868 ட்யூபுக்கு உரியது. 185 முதல் 260 நானோமீட்டர் வரை மட்டும் உணரும் சிறு கண்ணாடிக் குழல். அந்த அலைநீளத்தில் சூரிய ஒளி தரைக்கு வந்து சேர்வதில்லை, அதனால் வெயில் அதை ஏமாற்றாது. வெல்டிங் பொறி ஏமாற்றும். அது வேலை செய்யச் சுமார் 325 வோல்ட் டிசி வேண்டும். ஆகவே அந்த வோல்டேஜைத் தர, கூடவே ஒரு டிரைவர் போர்டு இருந்தே ஆக வேண்டும். குழலும் இல்லை, ஹை வோல்டேஜ் பகுதியும் இல்லை என்றால் அதற்கு யுவி ட்யூப் விலை கொடுக்காதீர்கள். இருந்தால், கரன்ட் ஓடும்போது அந்தப் பகுதியில் கை வைக்காதீர்கள்.

கறுப்பு எல்இடி போலத் தெரியும் ஒய்ஜி1006 சென்சாரும் எல்எம்393 கம்பேரேட்டர் சிப்பும் வைத்த சின்ன போர்டையும் யுவி என்றே சொல்லி விற்கிறார்கள். அது 760 முதல் 1100 நானோமீட்டர் வரை உணரும் இன்ஃப்ராரெட் (அகச்சிவப்பு) சென்சார். மோசமான பொருள் இல்லை. ஒரு மீட்டருக்குள் மெழுகுவத்தியைத் தேட அதுவே போதும். ஆனால் வெயிலும் குண்டு பல்பும் டிவி ரிமோட்டும் அதற்குத் தீயாகவே தெரியும். 4 பின் உள்ளதை வாங்குங்கள். 3 பின் போர்டு தீ உண்டு, இல்லை என்று மட்டும் சொல்லும். 4 பின் போர்டில் வெளிச்சத்தின் அளவைத் தரும் அனலாக் பின் உண்டு; அது இருந்தால்தான் அறையின் வெளிச்சத்தை முதலில் அளந்து கழிக்க முடியும். சென்சார் மேல், சூடு பட்டால் சுருங்கும் கறுப்பு ஹீட் ஷ்ரிங்க் குழாயை ஒரு அங்குலம் நீட்டி மாட்டினால் பக்கவாட்டு வெளிச்சம் குறையும், சுடர் இருக்கும் திசையும் துல்லியமாகக் கிடைக்கும்.

கடைக்கு ஒரு லைட்டர், டிவி ரிமோட், ஜன்னல் கண்ணாடித் துண்டு எடுத்துப் போங்கள். ரிமோட்டை அழுத்தினால் போர்டின் அவுட்புட் துடிக்கிறதா? இன்ஃப்ராரெட். சுடருக்குத் துடித்து, நடுவே கண்ணாடியை வைத்ததும் அடங்குகிறதா? யுவி ட்யூப். எதற்குமே அசையவில்லை என்றால் வாங்காதீர்கள்.

இதையெல்லாம் பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே செய்யுங்கள். சால்டர் வைத்துவிட்டால் திரும்ப எடுக்க மாட்டோம் என்பார்கள். எங்களிடமும் அதைத்தான் சொன்னார்கள். பில்லில் ‘சென்சார் 1’ என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாமல் பார்ட் நம்பரை எழுதி வாங்குங்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கும்போது அந்த நம்பர்தான் கையில் இருக்கும் சாட்சி.