மத்தியான வெயிலுக்கு நிண்டுபோற மொரிஸ் மைனரும் பஞ்சிகாவத்தை நானாவும்

என்ர காரைத் திருத்தின மெக்கானிக் நானாவின்ர கராஜைப் பற்றித்தான் எழுதுறன். கராஜுக்கு பேர்ப் போர்ட் ஒண்டும் இல்ல, அதால பேர் கேக்காதீங்க. கொழும்பு பஞ்சிகாவத்தையில ஸ்பெயார் பார்ட்ஸ் கடையள் இருக்கிற ரோட்டால வந்து ஒழுங்கைக்குள்ள திரும்பினா பழைய பொனட் ரெண்டு மூண்டு சுவரில சாத்திக் கிடக்கும், அதுதான்.

என்ர கார் 1961 மைனர், 948 சிசி, அப்பா ஓடின கார். காலமை வெள்ளவத்தையில வெளிக்கிட்டா கோட்டை மட்டும் ஒரு பிரச்சினையும் இல்லாம போகும். ஆனா மார்ச் ஏப்ரல் மத்தியானத்தில காலி வீதி ட்ராஃபிக்குக்குள்ள மாட்டினா பம்பலப்பிட்டி வரேக்க இருமத் தொடங்கி, ரெண்டு தரம் குலுங்கி நிண்டுடும், பின்னால பஸ்காரன் ஹோர்னில இருந்து கையே எடுக்கமாட்டான், நான் தனிய இறங்கித் தள்ள வேணும். இருவது நிமிஷம் விட்டா ஒண்டுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும்.

முதல்ல வேற ஒரு இடத்தில காட்டினன். ஸ்பார்க் குடுக்கிற பக்கத்தில கொயில் மாத்தினவை, பிறகு கண்டென்சர், பிறகு பெற்றோல் பம்பே புதுசு. அறுவதாயிரத்துக்கு மேல போச்சு. ஒவ்வொருக்காவும் காலமை எஞ்சின் குளிரா இருக்கேக்க ஒரு ரவுண்ட் ஓடிப் பாத்துட்டு "ஓகே" எண்டு தந்துடுவினம், ஏன் ஓகே ஆகாது?

நானாவுக்கு கோல் எடுத்தப்ப முதல் கதையே வேற. "காலைல கொண்டு வந்து என்னத்துக்கு தம்பி, வருத்தம் வாற நேரத்துல வாங்க" எண்டார். பன்னெண்டு மணிக்குப் போனன், அவரும் ஏறினார், மருதானையால பொரளைப் பக்கம் போய் திரும்பி வரேக்க சொல்லி வச்ச மாதிரி நிண்டுது.

மனுசன் அவசரப்படேல்ல. முதல்ல பிளக் வயரைக் கழட்டி ஸ்பார்க் பாத்தார், நல்ல நீலமா பட்பட் எண்டு அடிச்சுது, அப்ப கரண்ட் பக்கம் பிழையில்ல (அறுவதாயிரத்தை நினைச்சு எனக்கு அடிவயிறு பத்திச்சு). பிறகு சாவியைப் போடச் சொல்லி பம்புக்குக் கிட்ட காதை வச்சார். மைனர்ல எஸ்யூ எண்ட மேக் பெற்றோல் பம்ப், எலக்ட்ரிக், டிக் டிக் எண்டு கேக்கும், காபரேட்டர் (பெற்றோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்குக் குடுக்கிற சாமான்) நிரம்பினா நிண்டுடும். வெறும் ஆவியையோ காத்தையோ இழுத்தா கடகடவெண்டு வேகமா அடிக்கும். அண்டைக்கு அப்பிடி இல்ல, டிக்... ஒரு பெருமூச்சு அளவு இடைவெளி... டிக். "பம்பு சாகல்ல தம்பி, மூச்செடுக்க ஏலாம ஈக்குது" எண்டு சொல்லிக்கொண்டே பின்னுக்குப் போய் பெற்றோல் டாங்கி மூடியைத் திறந்தார். ஸ்ஸ்ஸ் எண்டு காத்து உள்ளுக்கு இழுபட்ட சத்தம் எனக்கே கேட்டுது. உடன பம்ப் படபடவெண்டு அடிச்சு, பிறகு மெல்ல அடங்கி நிண்டுது. சாவியைத் திருப்பினன், கார் ஸ்டார்ட்.

விஷயம் என்னெண்டா 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில கியூ நிண்ட காலத்தில களவுக்குப் பயந்து பூட்டுப் போட்ட மூடி ஒண்டு நானேதான் வாங்கிப் பூட்டினன். அதில காத்துப் போற ஓட்டை இல்ல. பெற்றோல் குறையக் குறைய டாங்கிக்குள்ள காத்து வராட்டி வெற்றிடம் ஆகும், அதோட இப்பத்தைய கார்கள் மாதிரி டாங்கிக்குள்ள இருந்து பம்ப் தள்ளுறேல்ல, இதில பம்ப் முன்னுக்கு எஞ்சின் பக்கம் இருந்துகொண்டு பின்னால கிடக்கிற டாங்கியில இருந்து உறிஞ்ச வேணும். இழுவை கூடக் கூட பெற்றோல் குறைஞ்ச சூட்டிலயே ஆவியாகும். வெயிலும் சேர்ந்தா சொல்லவே வேணாம்.

நானா அந்த மூடியில ஓட்டை போட்ட பிறகும் விடேல்ல. எஞ்சினை நல்லா சூடாக்கி, நிப்பாட்டி, பத்து நிமிஷம் பொனட்டை மூடி வச்சிட்டுத் திருப்பி ஸ்டார்ட் பண்ணினார், இருமினது, பெற்றோல் மணம் வேற. இந்த எஞ்சினில காபரேட்டர் சைலன்சர் மெனிஃபோல்டுக்கு (எஞ்சின் புகை வெளிய போற சூடான குழாய்) மேலயே குந்தியிருக்கு, நிப்பாட்டின பிறகு கீழ இருந்து வாற சூட்டில கிண்ணத்துக்குள்ள இருக்கிற பெற்றோல் கொதிச்சு உள்ளுக்க வழியும். அடுத்த தரம் ஈரத்துணியை காபரேட்டர் கிண்ணத்தில சுத்தி அதே டெஸ்ட், இந்த முறை இருமேல்ல. எங்கட அப்பா ஏன் எப்பவும் டிக்கியில ஒரு துணியும் தண்ணிப் போத்தலும் வச்சிருந்தவர் எண்டு அண்டைக்குத்தான் விளங்கினது. நானா அலுமினியத் தகட்டில ஒரு மறைப்பு வெட்டிப் பூட்டி, காபரேட்டர் பூட்டுற இடத்தில தடிச்ச பேக்கிங் போட்டு, மெனிஃபோல்டோட ஒட்டிக் கிடந்த பெற்றோல் பைப்பையும் விலத்திக் கட்டிவிட்டார்.

எல்லாத்துக்கும் 9,500 ரூபா. புது பார்ட்ஸ் எண்டு பேக்கிங் மட்டும்தான். இப்ப மூண்டு கிழமையா மத்தியானத்திலயே வேணுமெண்டு எடுத்துக்கொண்டு திரியிறன், ஒருக்காவும் நிக்கேல்ல.

குறை இல்லாமலும் இல்ல. பில் தரமாட்டார். சீலிங் துணியில கிறீஸ் விரல் அடையாளம் ஒண்டு இருக்கு, அது போகாது போல. கோல் எடுத்தா மூண்டாந் தரம்தான் தூக்குவார், கார் விட இடமும் இல்ல, ஒழுங்கைக்குள்ள ஓட்டோ ஒண்டு வந்தாலே நாங்கள் ரிவேர்ஸ் போக வேணும். அவசரக்காரருக்குச் சரிவராது, ஒரு முழுநாள் ஒதுக்கிக்கொண்டு போங்க. ஐஞ்சுக்கு நாலு குடுப்பன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆவுக்குப் பூட்டிடுவார், ரெண்டு மணிக்குப் பிறகு போனா நல்லம், அப்பவும் வெயில் காணும்.