மேப்பா, மேப்வியா? மாங்காய் மண்டிக் கணக்கில் ஒரு பாடம்

கிருஷ்ணகிரியில் மாமா மாங்காய் மண்டி வைத்திருக்கிறார். பருவத்தில், எவ்வளவு கழிக்க வேண்டும் என்ற கழிவு விதி வாரத்துக்கு வாரம் மாறும். அதைத் தாமே எழுத வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஆகவே க்ளோஜர் என்ற நிரல்மொழியில் ஒரு பில் நிரல் எழுதினேன். கோப்பில் உள்ள விதியைப் படித்து, அன்றைய விவரங்களை அதற்குள் சொருகி, தருவதை நிரலாக இயக்கி விடை சொல்லும் ஈவாலிடம் கொடுக்கும்.

பட்டியலின் ஒவ்வோர் உறுப்பையும் ஒரு ஃபங்ஷன் வழியாக அனுப்பும் மேப் தருவது லேசி சீக்வென்ஸ், அதாவது தேவைப்படும்போதுதான் கணக்கிடப்படும் வரிசை. சொருகும் விவரத்தை அப்படியே விடலாம். 2012இல் வந்த 1.4 பதிப்பிலிருந்து உள்ள மேப்வியைக் கொண்டு வெக்டராகவும், அதாவது சதுர அடைப்புக்குறிப் பட்டியலாகவும், ஆக்கலாம். வேகம், நினைவகம் பற்றிப் பேச ஒன்றுமில்லை. மண்டிச் சீட்டுகளுக்கு எதுவும் போதும்.

நிரலையே கட்டுவதற்கு லேசி நன்றாக உழைக்கிறது. +, 1, 2 மூன்றையும் மேப் வழியாகக் கோத்து ஈவாலிடம் தந்தால் 3 வருகிறது. அது லிஸ்ட் அல்ல என்றாலும், கம்பைலர் அதை அடைப்புக்குறிக்குள் எழுதிய நிரலாகவே பார்க்கிறது: முதல் உறுப்பு ஃபங்ஷன், மீதி அதற்குக் கொடுப்பவை.

வம்பும் அங்கேதான். எடைகள் 412, 388 என்று லேசியாகச் சொருகப்பட்டால், 412 என்ற ஃபங்ஷனுக்கு 388ஐக் கொடு என்று பொருளாகிவிடும். பிழை வரும், சரி. கூச்சலிடும் பிழையைப் பிடித்துவிடலாம். என்னைக் கவிழ்த்தது கூச்சலிடாத பிழை. கழிவுள்ள வகைகள் அன்று இரண்டு: செந்தூரா, அல்போன்சா. இரண்டும் கீவேர்டுகள், அதாவது பெயராக மட்டும் நிற்கும் மதிப்புகள். க்ளோஜரில் கீவேர்டும் ஃபங்ஷன்தான்; கொடுத்ததற்குள் தன்னைத் தேடும். அல்போன்சாவுக்குள் செந்தூராவைத் தேடியது, கிடைக்கவில்லை, நில், அதாவது ஒன்றுமில்லை, என்றது. நிரல் அதை வெறும் பட்டியலாக எடுத்துக்கொண்டது; வெறும் பட்டியலில் எந்த வகையும் இல்லையே! ஒருவருக்கும் கழிவு பிடிக்காமல் பில்கள் அழகாக அச்சாகின. மூன்று வகை இருந்திருந்தால் மூன்றாவதையே விடையாகத் தந்திருக்கும். மாமா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வெக்டர் அப்படி இல்லை. ஈவாலுக்குப் பிறகும் வெக்டராகவே நிற்கும். முதல் உறுப்பை யாரும் ஃபங்ஷனாக அழைக்க மாட்டார்கள். லேசியின் முன் ‘இதை இயக்காதே’ என்னும் கோட் (quote) போட்டாலும் தப்பலாம்தான், ஆனால் ஒவ்வோர் இடத்திலும் நினைவாகப் போட வேண்டும். நான் மறப்பவன். மேப்வி போதும்.

ஆயிரக்கணக்கான எடைகளை இப்படிச் சொருகி நான் பார்த்ததில்லை. க்ளோஜர் ஓடும் ஜாவா மெய்நிகர் இயந்திரமான ஜேவிஎம்மில் ஒரு மெத்தடின் நிரல் அளவு 64 கேபிதான் என்பதால் அங்கே வெக்டரும் இடிக்கலாம். அந்த நிலை வந்தால் விதியை மட்டும் ஃபங்ஷனாக ஈவால் செய்து, எடைகளை ஆர்க்யுமென்ட்டாகக் கொடுப்பேன்.