ஊவா பருவத் தேயிலை: வாங்குமுன் பக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

பக்கெட்டின் முன்பக்கத்தில் ‘ஊவா’ என்று இருந்தால் மட்டும் போதாது. இலங்கையின் ஊவா மாகாணத்தில், பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை மலைகளில் ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்கிறார்கள். ஆனால் ஊவாவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த அந்த மணம், ஜூலை முதல் செப்டெம்பர் வரை எடுத்த கொழுந்தில்தான் முழுமையாக இருக்கும்.

காரணம் கச்சான் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மழையை மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, மத்திய மலைகளைத் தாண்டி ஊவாப் பக்கம் வறண்டு இறங்குகிறது. பகலில் வெயிலும் காற்றும், இரவில் குளிர். செடி தளிர்ப்பதைக் குறைத்துக்கொள்ளும். கொழுந்தின் இரசாயனமே மாறும். மெத்தில் சாலிசிலேட் என்ற பொருள் கூடுவதால்தான் கோப்பையில் அந்தக் குளிர்ச்சியான தைல வாசம் எழுகிறது. வலித்தைலங்களில் இருப்பதும் இதே பொருள்தான். முதல் முறை குடிப்பவர் தூளில் ஏதோ கலந்திருக்கிறது என்று நினைக்கக்கூடும். அப்படியில்லை, பருவத் தேயிலையின் அடையாளமே அதுதான். கொழுந்து குறைவாக வரும் காலம் என்பதால் விலையும் ஏறும்.

ஆகவே பக்கெட்டைத் திருப்பி உற்பத்தி மாதம் இருக்கிறதா என்று பாருங்கள். பொதி செய்த தேதி வேறு, தேயிலை ஆலையில் உருவான மாதம் வேறு. பல பக்கெட்டுகளில் முதலாவது மட்டுமே இருக்கிறது. இந்த வகைப் பொருளின் பெரிய குறை இது. வாள் ஏந்திய சிங்க முத்திரை, இலங்கைத் தேயிலை மட்டுமே, இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டது என்பதற்கு அடையாளம். பருவத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

தரத்தில், அதாவது தூளின் பருமனைக் காட்டும் வகைகளில், பி.ஓ.பி. (புரோக்கன் ஆரஞ்சு பீக்கோ) தான் என் முதல் தெரிவு. பி.ஓ.பி.எஃப். இன்னும் பொடி, சாயம் சீக்கிரம் இறங்கும், பாலுக்குத் தோதானது. மிகப் பொடியான டஸ்ட்டுக்குப் பருவ விலை கொடுக்க வேண்டாம்.

ஊற்றும் முறை: 200 மில்லிக்கு இரண்டரை கிராம், அதாவது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. புதிதாகப் பிடித்த தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் தூளின் மேல் ஊற்றி உடனே மூடுங்கள். திறந்து வைத்தால் ஆவியோடு மணமும் போய்விடும். பி.ஓ.பி.க்கு மூன்று நிமிடம், பி.ஓ.பி.எஃப்.க்கு இரண்டு முதல் இரண்டரை. அதற்கு மேல் விட்டால் கசப்பும் துவர்ப்பும் முந்திக்கொள்ளும். தூளை அடுப்பில் போட்டுக் கொதிக்க வைத்தால் கொடுத்த கூடுதல் பணம் ஆவியாகிப் போனதுதான்.

தண்ணீர் முக்கியம். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் போன்ற சுண்ணாம்பு நீரில் மேலே ஆடை படியும், நிறம் மங்கும். வடிகட்டிய நீரோ மழைநீரோ பாவித்தால் அதே தூள் செம்பு நிறத்தில் பளிச்சென்று வரும். வலுவாக ஊற்றியது ஆறும்போது கலங்கினால் பழுது என்று கொட்டிவிடாதீர்கள். கஃபீனும் தியாஃபிளேவினும் சேர்ந்து உண்டாக்கும் கலங்கல் அது, நல்ல தேயிலையில் வருவதுதான்.

முதல் கோப்பையைச் சீனியில்லாமல் பிளேன்டீயாகக் குடியுங்கள், ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு. இதற்குப் பாலும் பொருந்தும். சாயம் இறங்கிய பிறகு சூடான பால் 20 மில்லி போதும். ஏலக்காய், இஞ்சி எதுவும் வேண்டாம்.

ஈரம்தான் எதிரி. ஆலையிலிருந்து சுமார் மூன்று சதவீத ஈரத்தோடு வரும் தூள், திறந்த பக்கெட்டில் காற்றின் ஈரத்தை இழுத்துத் தட்டையாகிவிடும். இறுக்கமாக மூடும் தகரப் பேணியில், மிளகாய்த்தூளுக்கும் அடுப்புக்கும் தள்ளி வையுங்கள். வாசம் நாளாக நாளாக இறங்குவதால் 400 கிராமை விட 100 கிராம் பக்கெட்டே நல்லது. செப்டெம்பருக்குப் பிறகு, அந்த ஆண்டின் பருவத் தேயிலை என்று தெளிவாகக் குறித்த பக்கெட் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். மாதம் குறிக்காத ‘ஊவா’வுக்குச் சாதாரண மலைத் தேயிலையின் விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.