துபாய் வீட்டுக்குத் தம்பு செட்டித் தெரு வக்கீல்

சென்னை மண்ணடியிலிருந்து துபாயில் வீடு வாங்குவோர் பலர் தரகரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அங்கே பத்திரப்பதிவுக்கு வழக்கறிஞர் கட்டாயமில்லை என்பதால் வழக்கறிஞர் வைப்பது வீண் செலவு என்று நினைக்கிறார்கள். தம்பு செட்டித் தெருவில், மாடியில் இயங்கும் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தின் துணையோடு வாங்கிய நான் அப்படி நினைக்கவில்லை.

கட்டுமானத்தில் இருந்த என் வீட்டைத் தேடித் தந்தவர் தரகர்தான்; அந்த வேலையை அவர் நன்றாகவே செய்தார். ஆனால் கட்டி முடித்த வீட்டுக்கு வாங்குபவர் வழக்கமாக 2 சதவீதம் தரகு தருவதுபோல் அல்லாமல், கட்டுமானத்தில் உள்ள வீட்டுக்குப் பெரும்பாலும் கட்டுமான நிறுவனமே தரகு தருகிறது. அப்படித் தரகு பெறுபவர் நம் பக்கம் நின்று ஒப்பந்தத்தைப் படிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

வழக்கறிஞர் முன்பதிவுப் படிவத்தை வாங்கியதும் விலையைப் பார்க்கவில்லை. கடைசிப் பக்கத்துக்குப் போய், பணம் யார் கணக்குக்கு என்று பார்த்தார். தரகு நிறுவனத்தின் பெயர் இருந்தது. துபாயின் 2007-ஆம் ஆண்டு 8-ஆம் எண் சட்டப்படி, கட்டப்பட்டுவரும் வீட்டுக்கான பணம் அந்தத் திட்டத்துக்கென்றே திறக்கப்பட்ட எஸ்க்ரோ எனப்படும் பாதுகாப்புக் கணக்கில் சேர வேண்டும். “கணக்கு மாறி வரட்டும் சார், அதுவரைக்கும் ஒரு பைசாகூட அனுப்பாதீங்க” என்றார். மாற்றிய படிவம் வந்த பிறகே பணம் அனுப்பினேன்.

ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்ற ரிசர்வ் வங்கி வரம்பு, அப்படி அனுப்பும்போது வங்கியில் தரவேண்டிய ஏ2 படிவம், 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி பிடிக்கும் 20 சதவீத வரியைப் பின்னர் வருமான வரியில் கழித்துக்கொள்ளும் முறை, ஆண்டுதோறும் கணக்குத் தாக்கலில் வெளிநாட்டுச் சொத்தைக் காட்டவேண்டிய கடமை ஆகியவற்றையும் பொறுமையாக விளக்கினார்.

குறைகளும் உண்டு. உயர் நீதிமன்ற வேலை நேரத்தில் அவரைப் பிடிக்க முடியாது. குறுகலான படிக்கட்டு வயதானவர்களுக்குச் சிரமம். துபாய்ச் சட்டத்தில் தமக்கு உரிமம் இல்லை என்பதை முதல் நாளே சொல்லி, ஒப்பந்தத்தை அங்குள்ள வழக்கறிஞரிடம் படிக்கக் கொடுத்தார்கள். அதற்குத் தனிக் கட்டணம். துபாய் நிலத்துறையின் 4 சதவீதப் பதிவுக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இரண்டு வழக்கறிஞர்களுக்கும் கொடுத்தது சிறிய தொகையே. தரகரே ஒரு வக்கீலை அழைத்து வந்தாலும், நீங்கள் அமர்த்திய வழக்கறிஞரிடம் ஒப்பந்தத்தைக் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.