அப்பாவின் ஹாஸ்டல் ஆல்பம்: வீட்டிலா, காப்பகத்திலா?

டிரங்குப் பெட்டியில் அப்பாவின் ஹாஸ்டல் டே குரூப் போட்டோ, மெஸ் கணக்கு நோட்டு, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத் துண்டறிக்கை. ஸ்கேன் செய்து வீட்டில் வைப்பதா, அவர் படித்த பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்துக்குக் கொடுப்பதா?

செலவு
வீடு: ஸ்கேனர், ஹார்ட் டிஸ்க், சில ஞாயிற்றுக்கிழமைகள்.
காப்பகம்: பெரும்பாலும் போய்வரும் செலவுதான்.

ஆயுள்
வீடு: இராமபாணப் பூச்சி, கரையான், ஓதம். பசை தடவிய பக்கங்கள் கொண்ட ஆல்பம் இன்னும் மோசம். பிரிக்கப் போனால் படத்தின் முதுகு கிழிந்து பசையோடு வந்துவிடும். ஹார்ட் டிஸ்க்கும் சொல்லாமல் போய்விடும். ஆகவே மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில்.
காப்பகம்: அமிலமில்லாத உறை, ஈரப்பதக் கட்டுப்பாடு. ஆனால் எல்லாக் காப்பகமும் அப்படி இல்லை. கொடுக்கும் முன் அறையை நேரில் பாருங்கள், கூரை ஒழுகுகிறதா என்றும் பாருங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகளும் சாம்பலாயின. அதனால் ஸ்கேன் செய்யாமல் எதையும் கொடுக்காதீர்கள்.

எடுத்துப் பார்க்க
வீடு: நினைத்த நேரத்தில்.
காப்பகம்: அனுமதிக் கடிதம், அலுவலக நேரம்.

சரி, எது எங்கே? துண்டறிக்கை, மெஸ் நோட்டு, விடுதி மலர் எல்லாம் காப்பகத்துக்கு. அன்றைய சாப்பாட்டு விலையை ஆராய்பவருக்கு அந்த நோட்டு தங்கம். காதல் கடிதம் வீட்டுக்கு. குரூப் போட்டோவைக் கொடுக்கும் முன், நிற்பவர்களின் பெயர்களை அப்பாவிடமே கேட்டு, பின்பக்கம் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும்.